சார் இல்லைங்க

மார்ச் 4, செவ்வாய்

நீதிமன்றச் செய்திகளிலிருந்து என்னை எடுத்து இரங்கல் பக்கத்தில் போட்டுச் சில வாரம் ஆகிறது. யாராவது மரணச் செய்தி சொன்னால், அந்த வீட்டுக்குப் போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். நாலு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்காரர் இன்றும் கிண்டல்: "நல்லதாப் போச்சு. இனிமே உன்மேல எவனும் கேஸ் போடமாட்டான்."

சிரிப்பு வரவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா, மாதக் கடைசியில் விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தவறிவிட்டதாகக் கேள்வி என்று ஆசிரியர் சங்கத்திலிருந்து சொன்னார்கள். படமும் அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சார் இல்லைங்க."

"எப்போ?"

"காலையிலதான்."

"திடீர்னா?"

"ஆமாங்க, திடீர்னுதான் கிளம்பிட்டார்."

"மனசைத் தேத்திக்கோங்கம்மா."

"எதுக்குங்க?" என்று கேட்ட மாதிரி இருந்தது. அதற்குள் வைத்துவிட்டேன். நாலு வரி. முடிந்தது.

மார்ச் 6, வியாழன்

பக்கம் சுத்தமாக வந்திருப்பதாகச் செய்தி ஆசிரியர் சொன்னார்.

மார்ச் 7, வெள்ளி

மேஜைக்கு எதிரே ஒருவர் வந்து நின்றார். தெரிந்த முகம். எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். அவர் கையிலிருந்த பேப்பரில். படத்தில் இருந்த அதே கோடு போட்ட சட்டை.

"வெளியூர் போயிருந்தேம்மா. வந்து பார்த்தா நான் இல்லை."

கோபமே இல்லை அவரிடம். அதுதான் என்னவோ போல் இருந்தது. வீட்டில் இல்லை என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நான் வேறு 'இல்லை'யைக் கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

"வேண்டாம்மா. கொஞ்ச நாள் போகட்டும். யார் யார் வர்றாங்கன்னு பார்க்கணும்."

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "அவரே வேணாங்கிறார்னா விடுங்கக்கா. நம்ம மானமும் தப்பிச்சுது."

விட்டேன். ஏன் விட்டேன்?

மார்ச் 10, திங்கள்

மனசு கேட்கவில்லை. சங்கத்தில் வழி கேட்டுப் போய்ப் பார்த்தேன்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. முன்னறை முழுக்க நாற்காலிகள், வாடகைக்கு எடுத்தவை, சுவரோரமாக வரிசையாக. ஒன்றிலும் ஆளில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தனியாளான சார் வெளியூர் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்; அன்று போனை எடுத்தவர் இவர்தான்.

"உள்ளறையில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காருங்க. யாராச்சும் வந்தா இல்லைன்னு சொல்லணுமாம். ஒருத்தரும் வரலை. சாப்பாடு வெச்சது வெச்சபடியே இருக்கு."

கதவருகே போனேன். "சார், காபியாவது குடிங்க."

உள்ளேயிருந்து நிதானமான குரல். "சர்க்கரை போட்டிருப்பாங்க. அவர் சர்க்கரை போட்டுக் குடிச்சதே இல்லைம்மா."

"யார் சார்?"

"அவர்தான். கெட்டவர் இல்லை. ஆனா யாருக்கும் வேண்டாதவராத்தான் இருந்திருக்கார்."

தன்னைத்தான் சொன்னார். தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு நின்றேன். இந்த மனுஷன் செத்துப்போயிடுவார். நான் எழுதினபடியே செத்துப்போயிடுவார்.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண் சலித்துக்கொண்டாள். "அந்த வாத்தியார் வீடு எங்கேன்னு கேட்டு ஒரே போன்க்கா. சீட்ல நீங்க இல்லைன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"வீடு எங்கேன்னு எதுக்குக் கேக்கணும்? பேப்பர்லதான்—"

எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, பள்ளிக்கூடம், படம். முகவரி இல்லை. எழுதின அன்று நான் அதைக் கேட்கவே இல்லை.

அவர் யாருக்கும் வேண்டாதவர் இல்லை. வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள். ஒரு கதவு எண், ஒரு தெருப் பெயர். அது இல்லாததால் ஒரு மனிதர் இருட்டறையில் உட்கார்ந்து தன்னை 'அவர்' என்கிறார். இதைத்தான் ஒரு வேலையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்தம் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். செய்தி ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "அவர் சம்மதிச்சாராக்கா?"

"செத்தவர்கிட்ட எப்படித் தம்பி சம்மதம் கேக்கறது?"

கையெழுத்துப் போட்டார். தவறு எங்களுடையது, அவர் நலமாக வீட்டில் இருக்கிறார் என்று எழுதி, கதவு எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 12, புதன்

நாற்காலி போதவில்லை. முடிவெட்டுபவர், லாரி ஓட்டுபவர், டாக்டரம்மா, எல்லாம் அவரிடம் படித்த, தலை நரைத்த பிள்ளைகள். ஆனால் உள்ளறைக் கதவு திறக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். உள்ளே அசைவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திவிட்டோம். உயிரோடு இருப்பவர் வீட்டில் எதற்கு இப்படிப் பேசுகிறோம்? கேட்க எனக்கும் பயம்.

லாரிக்காரர் எழுந்து போய்க் கதவருகே கை கட்டி நின்றார். பள்ளிக்கூட ராகத்தில் பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"பதினேழு எட்டு நூத்து முப்பத்து நாலு."

கதவைப் பார்த்தார்.

"நூத்து முப்பத்து நாலு!" என்றார் இன்னும் சத்தமாக.

"முப்பத்தாறுடா, மடையா!"

தாழ்ப்பாள் நகரும் சத்தம். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் செய்தி ஆசிரியர் வந்தார். "கோர்ட்டுக்கே திரும்பிடுறீங்களாக்கா? இடம் காலியாகுது." மதியம் சொல்கிறேன் என்றேன்.

மதியம் ஒரு அம்மாவோடு போனில் இருந்தேன். அவர் கணவர் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவர். "ரோட்டுல நடந்து போறப்பவே எந்த வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு காதாலயே சொல்லிடுவார்" என்றார். அந்த அம்மா பேச்சை நிறுத்திய இடங்களில், அந்த வீட்டுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. அது அவருக்கும் கேட்டிருக்கும். அவர் மறுபடி பேசும்வரை காத்திருந்தேன்.

பக்கம் அச்சுக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது, செய்தி ஆசிரியருக்குப் பதில் சொல்லவே இல்லை.