மூன்றாம் மாடி விளக்குச் சிலந்தி

ஜூலை 2
எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படிக்கட்டு விளக்கில் வலை கட்டியிருப்பவள்தான், காட்டோரச் சிலந்தியையும் நகரச் சிலந்தியையும் ஒப்பிடும் என் ஆய்வுக்காக இதுவரை நான் அளந்ததில் பெரியவள். காட்டோரத்துச் சிலந்திகள் இவள் பக்கத்தில் நோஞ்சான்கள். அடையாளத்துக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்தேன். காரணம் என்ன பெரிய ரகசியமா? இங்கே குப்பை அள்ள ஆள் வருவதில்லை, பூச்சி பெருகுகிறது, விடிய விடிய விளக்கு. எதிரே பணக்காரக் கட்டடத்தில் வாராவாரம் மருந்து அடிக்கிறார்கள் – ஒரு வலைகூட இல்லை. எங்களை யாரும் கண்டுகொள்ளாததில் கொழுத்தது இவள் ஒருத்திதான்.

ஜூலை 5
பேராசிரியர் கேட்டார்: "உடம்பு பெருசு, சரி. முட்டை அதிகமா? அதைச் சொல்லும்மா முதல்ல." நகரத்தில் நான் குறித்து வைத்த மற்ற பெண் சிலந்திகள் எல்லாம் துடைப்பத்துக்குப் பலியாகிவிட்டன. இவளும் முட்டையிடாவிட்டால் என் ஆய்வில் நகரப் பாதி காலி.

ஜூலை 6
விளக்கின் கீழே ஒட்டினேன்: "ஆய்வுச் சிலந்தி. கலைக்காதீர்கள்."

ஜூலை 7
என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை நாள் எவனும் அண்ணாந்து பார்க்கவில்லை. அறிவிப்பைப் படித்த பிறகுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்த்திருக்கிறார். ஒட்டடைக்கோலோடு வந்துவிட்டார். "மனுஷன் குடியிருக்கிற எடம்மா இது, பூச்சிப் பண்ணையா?" தண்ணி வரலன்னு மாசக்கணக்கா கத்துறோம், அதுக்கு ஒரு தடவை மாடி ஏறினாரா இந்த ஆளு? வலை போச்சு. அவளையும் காணோம்.

ஜூலை 9
அம்மாதான் கண்டுபிடித்தாள் – அலறி. "அடியே, உன் சீமாட்டி மீட்டர் பொட்டி மேல உக்காந்திருக்காடி!" வெள்ளைப் புள்ளி! அதே விளக்கு வெளிச்சத்தில், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே புது வலை. அம்மாவுக்குச் சிலந்தி என்றால் குலை நடுங்கும். ஆனாலும் ஒரு அட்டையில் எழுதித் தானே தொங்கவிட்டாள்: "கரண்ட் அடிக்கும். தொடாதே."
"பொய்தானேம்மா?"
"நீ உண்மை எழுதி என்னத்தைக் கிழிச்ச?"

ஜூலை 14
ஒருவரும் கிட்டே வரவில்லை.

ஜூலை 21
முட்டைப் பை! பெட்டியின் ஓரத்தில், மஞ்சள் பஞ்சு உருண்டை மாதிரி.

ஆகஸ்ட் 18
ஆய்வகத்துக்குக் கொண்டுபோன பையிலிருந்து பொரிந்து வந்த குஞ்சுகளை எண்ணி முடித்தேன். காட்டோரத்துப் பை எதிலும் இத்தனை இல்லை. "ஒரு பையை வச்சு தீர்ப்பு எழுதாதே. அடுத்த பருவத்துல கட்டடம் முழுக்க எடுத்துக்கோ," என்றார் பேராசிரியர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சாயங்காலம் குஞ்சுகளைப் படிக்கட்டில் விட்டேன். கீழேயிருந்து செயலாளர் கேட்டார்: "அந்தக் கரண்ட் கோளாறு எப்பம்மா சரியாகும்?"

அம்மா கையில் இன்னும் நாலு அட்டைகள்.

"எங்கே சார்... எல்லா மாடிக்கும் பரவிடுச்சு," என்றேன்.