அளவு நூல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அம்மா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். மாடி வீட்டுக்காரர் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய், நம் சமையலறைச் சுவர் மறுபடியும் ஊறிவிட்டது. கேட்டால், சுவர்தானே, காஞ்சிடும் என்கிறார். நீ இருந்திருந்தால் படியேறிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாய். என்னை அனுப்பினார்கள். நான் போய் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. கடிதம் வந்தால் மட்டும் படிக்கிறாய், படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாய் என்று மாமா சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவின் நண்பரிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்தது. உன் சுண்டுவின் ஒற்றைக் காலுறை, அதற்குள் அவனுடைய வெள்ளிக் காப்பு, கூடவே உன் மணிக்கட்டுக்கு அளவெடுத்து, அளவு முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்ட நூல். காப்பை உன் கைக்கு ஆகிற மாதிரி பெரிதாக்க வேண்டும், அவன் பல் பட்ட தடம் மட்டும் அழியக் கூடாது, பாஷை தெரியாத ஊரில் இதை யாரிடம் போய் விளக்குவது என்று நீ சொன்னாயாம். அந்த இரண்டு அரிசிப் பல்லை வைத்துக்கொண்டு அவன் எதைத்தான் விட்டுவைத்தான்? வீடியோவில் என் முகத்தைப் பார்த்தாலே போனைக் கடிக்க வருவான். அம்மாவிடம் காப்பை மட்டும் காட்டினேன். அவள் தொடவில்லை. காலுறையை நான் காட்டவே இல்லை.

வீட்டில் முதலில் படித்தவள் என்பதால் நகைக்கடையும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் நினைப்பு. நாலு இடம் விசாரி, மரியாதையா நடத்துற கடையாப் பாரு, நம்மள மாதிரி ஆளுங்கள நிக்க வெச்சே அனுப்பிடுவாங்க என்றார். சரியென்று ஒவ்வொரு கடையைப் பற்றியும் வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதியிருப்பதைத் தேடிப் படித்தேன்.

என் அலுவலகத்தைப் பற்றி உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. வாயே திறக்க மாட்டேன் என்கிறேன் என்று போனில் பேசுகிற பிரிவிலிருந்து என்னை எழுதுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். குறை சொல்லி வருகிறவர்களுக்குத் தட்டச்சில் பதில் போடுகிறேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் மனநிலை எங்களுக்குப் புரிகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வாக்கியம் தானாக வந்து விழும். ‘முடியாது’ என்ற வார்த்தையை மட்டும் நாங்கள் எழுதக் கூடாது. பரிசீலிக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும்.

அதிக நட்சத்திரம் வாங்கியிருந்த பெரிய கடைக்கு முதலில் போனேன். வாசலிலேயே வாங்க மேடம் என்றார்கள். மேடம் யாரென்று நான் திரும்பிப் பார்த்தேன். மெத்தை வைத்த நாற்காலி, குளிர்ந்த ஜூஸ், சிரித்த முகமாக ஒரு பெண். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள்ளேயே கண்டிப்பா பண்ணித் தர்றோம் மேடம் என்றாள். தடம் என்றேன். அதெல்லாம் கவலையே படாதீங்க, உங்க ஃபீலிங்ஸ் எங்களுக்குப் புரியுது என்றாள். அது எங்கள் பொத்தான் வாக்கியமேதான். நான் ஜூஸை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது காப்பு மேஜைமேல் இல்லை. பாலிஷுக்கு உள்ளே போயிருக்கு மேடம், வர்றவங்களுக்கு நாங்க இலவசமாப் பண்ணித் தர்றதுதான் என்றாள், பெருமையாக.

அக்கா, நான் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது, உனக்குத் தெரியும். அன்றைக்குத் துடைக்காதீங்க என்று கத்தியதில் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு ஓரம் பளபளப்பாகிவிட்டது. பூ வேலையின் இடுக்கில் கறுப்பாக ஒட்டியிருந்ததே, அது அந்தப் பக்கம் மட்டும் போய்விட்டது. பால் பட்டுப் பட்டு ஏறிய அழுக்காக இருக்கும். தடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வெளியே வரும்போது இன்னொரு பெண் வந்து, எங்க சர்வீஸ் எப்படி இருந்தது, அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டுப் போங்க மேடம் என்றாள்.

அடுத்த கடையில் அதைத் தராசில் போட்டுவிட்டுத்தான் என் முகத்தையே பார்த்தார்கள். இத வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க, எடைக்கு எடை புதுசா எடுத்துக்குங்க என்றார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு கடையை நானே தேர்ந்தெடுத்தேன். அதற்கு இருந்தது ஒற்றை நட்சத்திரம். மரியாதை தெரியாத பொம்பளை என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், என் வேலையை எடுத்துக்கவே முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பிட்டாங்க, சேவை படுமோசம் என்று புலம்பியிருந்தார். முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு இடமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சந்துக்குள் ஒற்றை அறை. மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டு டேப் ஒட்டியிருந்தது. இருந்த ஒரே நாற்காலியில் அந்த அம்மா, ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தலையைத் தூக்காமலே, ஏம்மா, நாக்க வாடகைக்கு விட்டிருக்கியா, வாயத் தொறந்தாத்தானே தெரியும் என்றார்.

காப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். தொடலாமா என்று கேட்டார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, அக்கா. வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினார், நான் காட்டாமலே பல் பட்ட இடத்தில் நிறுத்தினார். யாரு கடிச்சது என்றார். அக்கா பையன் என்றேன். எங்க அவன், கூட்டிட்டு வரலையா என்றார். காலுறையை எடுத்துக் காப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எரிந்துகொண்டிருந்த சுடரை அணைத்தார். வருந்துகிறோம் என்றெல்லாம் சொல்லவில்லை. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, உட்காரு என்றார்.

இது ஆகாதும்மா என்றுதான் ஆரம்பித்தார். பெரிதாக்க வேண்டுமென்றால் வெட்டித் துண்டு சேர்க்க வேண்டுமாம். நெருப்புக் காட்டினால் வெள்ளி கறுத்துப்போகுமாம், கறுப்பு போக மெருகு போட்டால் இவ்வளவு மெல்லிய தடம் நிற்காதாம். வேற எங்க குடுத்தாலும் சிரிச்சுகிட்டே பண்ணித் தருவாங்க, போட்டுக்கறப்போதான் தடம் போனது தெரியும் என்றார். அச்சு எடுத்துப் புதிதாகச் செய்ய முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன். செய்யலாம், ஆனா அது நான் கடிச்ச மாதிரிதான் இருக்கும், அவன் கடிச்சதாகாது என்றார். நான் தலையாட்டினேன்.

அப்புறம், எந்தக் கைக்குப் போடணும், அளவு இருக்கா என்று கேட்டார். நூலைக் கொடுத்தேன். முடிச்சில் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, சின்னப் பொண்ணா, எந்த வகுப்பு படிக்கிறா என்றார். இல்லை, எங்க அக்காவுக்கு என்றேன். நான் தப்பான நூலைக் கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்தார் போல. மறுபடியும் விரித்தார். காப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரெண்டு அளவுக்கும் பெருசா வித்தியாசமே இல்லையேம்மா என்றார். காப்பைக் காலுறையில் போட்டு, நூலைத் தனியாக மடித்து என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த நூலை என் கையில் சுற்றிப் பார்த்தேன். முடிச்சு முனையைத் தொடவில்லை. என் கை எப்பேர்ப்பட்ட கை என்று உனக்குத் தெரியும், குச்சி குச்சி என்று நீதானே கேலி செய்வாய். மாமாவிடம் கேட்டால் ஏதோ சாப்பிடுறா, நல்லாத்தான் இருக்கா என்கிறார். அவரும் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேரலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு விசா இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். உங்கள் புரிதலுக்கு நன்றி என்று பதில் வந்தது. அப்பா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்ப வரச் சொல்றாங்களா என்றார். பரிசீலிக்கிறாங்கப்பா என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பிவிட்டாள். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

காப்பை வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன். ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று இருக்கும், திட்டாதே. உனக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று செய்து அனுப்ப என்னால் முடியவில்லை. எழுதக் கூடாத வார்த்தைதான், உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

நூலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அம்மாவின் கண்ணில் படாமல் என் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நீ பதில் எழுத வேண்டாம், பேச வேண்டாம், போனையும் எடுக்க வேண்டாம். இன்னொரு நூலில் அளவெடுத்து அனுப்பு, அது போதும். முடிச்சு கொஞ்சம் தள்ளி விழட்டும், அக்கா. ஒரு நெல் அளவுக்காவது தள்ளி விழட்டும்.

தபால்காரரைப் பார்த்தபடி இருக்கும்
உன் குச்சி