கைதட்டல் கேட்ட பின்னறை

செப்டம்பர் 2, புதன்

தபால் நிலையத்தில் என் கவுண்டர் முன்னால் வரிசை நிற்கும்போதே சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். இருபதாம் தேதி புற்றுநோய் ஆதரவுச் சங்கத்தின் உறுப்பினர் கூட்டம். இந்த முறை நான் பேச வேண்டுமாம். வழக்கமாகத் தையல்கார அக்காதானே பேசுவாள்?

“அவங்களுக்கு இந்த வருஷம் வசதிப்படாதும்மா.”

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்களே என்ற பூரிப்பு. எழுதுகிறேன், பொய் வேண்டாம்.

செப்டம்பர் 5, சனி

பேச்சை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கம். முதல் வரி: “புற்றுநோய் எனக்குக் கிடைத்த பரிசு.”

பரிசாம்! இடது மார்பை அறுத்து எடுத்தார்கள். ஆறு கீமோவிலும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. வீட்டில் இவரிடம் படித்துக் காட்டினேன்.

“பரிசா? அப்போ திருப்பிக் குடுத்துடு, யாராவது வாங்கிக்கிறாங்களா பார்ப்போம்” என்றார். சிரித்தோம். சிரித்துவிட்டு அதையே மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 9, புதன்

என் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

வாயெல்லாம் கசக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

வாசலிலேயே தோளில் ஒரு பளபளப் பட்டையை மாட்டினார்கள். “வென்றவள்” என்று அச்சடித்திருந்தது. உள்ளே பலூன், பாட்டு. சத்துப் பவுடர் கம்பெனிக்காரன் மேசை போட்டு, மொட்டைத் தலைகளாகப் பார்த்துப் பார்த்து டப்பாவை நீட்டினான். ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டுப் படம் வேறு எடுத்துக்கொண்டான். அவள் நெளிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் தையல்கார அக்கா வந்தாள். கையில் ஊன்றுகோல். பாதி ஆளாக இருந்தாள். செயலாளர் ஓடிப் போய் வழியை மறித்தார்.

“நீங்க ஏன் சிரமப்பட்டு வந்தீங்க? பின்னாடி ரூம்ல ஃபேன் இருக்கு, அங்க உக்காருங்க.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “திரும்ப வந்துடுச்சும்மா. எலும்புக்குப் போயிடுச்சு. புதுசா வந்தவங்க பார்த்தா பயந்துடுவாங்க இல்ல?”

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மேடையேறி இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். “பரிசு” என்ற இடத்தில் புன்னகைகூடச் செய்தேன். மேடையில் ஏழு பேர் நின்றோம். அதில் ஐந்து பேரின் உள்ளாடையில் இருந்தது அக்கா தைத்துக் கொடுத்த பஞ்சுத் திண்டு. அளவெடுத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும்படி, எங்களை வெளியே நடமாட வைத்தவள் அவள். அவளைப் பழைய நாற்காலிகள் அடுக்கிய அறையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் வென்றுகொண்டிருந்தோம். சீ!

முடிந்ததும் அந்த அறைக்குப் போனேன்.

“நல்லாப் பேசினியா? கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சே” என்றாள். குத்தலாக இல்லை. குத்தியிருந்தால் தேவலை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இடது பக்கம் இறங்கியிருக்கு பாரு. பஞ்சு அமுங்கிடுச்சு. கொண்டா, மாத்தித் தரேன்.”

செப்டம்பர் 21, திங்கள்

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிகின்றன. எல்லாவற்றிலும் என் பல். என்ன பல்லடி இது? இவ்வளவு இளிப்பு எங்கிருந்து வந்தது உனக்கு?

செப்டம்பர் 24, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிச்சிடுங்க அக்கா என்று ஆரம்பித்ததுமே எரிந்து விழுந்தாள்.

“உன் மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு வலிக்குது. ராத்திரி பகலா வலிக்குது. வீட்ல சொன்னா என் மக அழறா, அதனால சொல்றதில்ல. அங்க வந்தா சொல்லலாம்னு வந்தேன். அதுக்குத்தானடி சங்கம்?”

பிறகு அவளே தையல் மெஷின் பக்கம் கைகாட்டினாள். “உக்காரு. கேளு.” ஒரு மணி நேரம் கேட்டேன். வேறெதுவும் செய்யவில்லை.

செப்டம்பர் 26, சனி

அக்காவைப் பின்னறைக்கு அனுப்பியது தப்பு, தலையாட்டிய நானும் தப்பு என்று குழுவில் எழுதினேன். செயலாளர் உடனே கூப்பிட்டார். “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. சங்கத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

“பேரை வெச்சுக்கிட்டு ஆளை விரட்டுறீங்களே!” கத்திவிட்டேன். கவுண்டரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பார்த்தால் குழுவில் நான் இல்லை. நீக்கியாகிவிட்டது. ஆனால் தனியாக நான்கு பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருத்தி, பவுடர்காரன் யார் தோளில் கைபோட்டானோ அதே பெண்: “அக்கா வீடு எங்க இருக்கு?”

அக்டோபர் 11, ஞாயிறு

அக்காவின் தையல் அறையில் ஆறு பேர். வெட்டுத் துணிகளை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்தோம். அக்கா வீட்டைக் கேட்டு எழுதிய அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. நேராகவே கேட்டாள்: “திரும்ப வந்தா எப்படிக்கா இருக்கும்?”

யாரும் அவளை அடக்கவில்லை. அக்கா ஒளிக்காமல் சொன்னாள். எங்கே வலிக்கும், எதற்கு மருந்து உண்டு, எதற்குக் கிடையாது. அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போயிற்று. ஆனாலும் எழுந்து போகவில்லை. போகும்போது, “அடுத்த மாசமும் உண்டா?” என்றாள்.

“நான் இருந்தா உண்டு” என்றாள் அக்கா. முதலில் சிரித்ததும் அவள்தான்.

நவம்பர் 8, ஞாயிறு

அக்கா ஆஸ்பத்திரியில். கூடுகிற நாளைத் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் மகள்தான் கதவைத் திறந்துவிட்டாள். எட்டு பேர்.

திறந்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தோம். போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், “அம்மா எங்கிட்ட வலிக்குதுன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல” என்றாள்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டோம். வந்து உட்கார்ந்தாள்.