நான் கையெழுத்துப் போடாத சீட்டு

உன் கட்டைவிரல் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அலமாரியின் கீழடுக்கில், ஓர் இசைத்தட்டின் வெள்ளை உள்ளுறையில், ஓரமாக, வெள்ளி மையில் ஒற்றியதுபோல் மினுங்குகிறது. உங்கள் பட்டாசுக் கம்பெனி அலுமினியப் பவுடர். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் உன் ரேகைக்குள்ளிருந்து போகாத பவுடர். இன்று ஆராதனை முடிந்து வந்து, கரையான் ஏறியிருக்குமோ என்று தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த உறையை ஜன்னல் பக்கம் சாய்த்தபோது விரல் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். கந்தக வாடை லேசாக இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது.

நீ போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. இங்கே நாம் வருஷத்தை அப்படித்தானே எண்ணுகிறோம். அந்தத் தட்டை இத்தனை நாளும் நான் தொடவில்லை. அதற்குள் நம் சீட்டு ஒன்று கிடக்கிறது. உன் கையெழுத்து மட்டும் அதில் இருக்கிறது. என் கையெழுத்து வர வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ‘பொய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால் நீ என்னைக் கைகாட்டுவாய். நான் அந்த ஜப்பான்காரரைக் கைகாட்டுவேன். எங்கள் அச்சகத்துக்குப் பழைய ஆப்செட் மெஷின் ஒன்று ஜப்பானிலிருந்து வந்தபோது அதைப் பூட்டிக்கொடுக்க வந்த மனிதர். அடுத்த முறை வரும்போது என்ன வேண்டும் என்று எல்லோரையும் கேட்டார். மற்றவர்கள் கால்குலேட்டர், கைக்கடிகாரம் என்றார்கள். நான் ராக் இசைத்தட்டு என்றேன். சொன்னபடியே கொண்டுவந்தார். பாடியது இங்கிலாந்துக் குழு, தட்டை வார்த்தது ஜப்பானில். உறையைச் சுற்றி ஜப்பானிய எழுத்தில் ஒரு காகிதப் பட்டை. அந்தப் பட்டை கிழியாமல் இருப்பதுதான் அபூர்வம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

இந்த வெயிலில் ராக் கேட்கிற இன்னொரு கிறுக்கன் தாயில்பட்டியில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு உன்னைத் தேடி வந்தேன். அதே பாட்டுகள் உன்னிடம் இந்தியாவில் வார்த்த தட்டில் இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். ஒரே பாட்டு, ஒரே குரல். ஆனால் ஜப்பான் தட்டில் டிரம்மின் தோல் அதிர்ந்து அடங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. நீ எழுந்தே நின்றுவிட்டாய்.

“ஏலே, இம்புட்டு நாளும் நமக்குப் பாட்ட சாக்குக்குள்ள கட்டி வச்சுல்ல குடுத்திருக்கானுவ!”

அன்றைக்குப் பிடித்தது. ஒரே பாட்டை இங்கிலாந்துத் தட்டில், ஜெர்மனித் தட்டில், ஜப்பான் தட்டில் என்று தேடி அலைந்தோம். கப்பல் சாமான் விற்கும் தூத்துக்குடிக் கடைகளில் நாள்கணக்கில் குப்பையைக் கிளறினோம். உறை அசலா, மறுஅச்சா என்று லென்ஸ் வைத்து அச்சுப் புள்ளியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. தட்டின் நடுவே, பாட்டு முடிகிற வெற்று வளையத்தில் ஊசியால் கீறியிருக்கும் எண்ணைப் படித்து அது எந்த நாட்டில் எத்தனையாவது வார்ப்பு என்று சொல்வது உன் வேலை. கேட்டுத் தரம் சொல்வது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து. அச்சகத்தில் வெட்டி விழும் அட்டைத் துண்டில் சீட்டு எழுதினோம். கேட்ட பக்கம், கீறல் உண்டா, இரைச்சல் உண்டா, கீழே இரண்டு கையெழுத்து. இரண்டும் விழாமல் எந்தத் தட்டும் அலமாரியின் மேலடுக்கு ஏறக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று நினைவில்லை. அரசாங்கச் சட்டத்தைவிடக் கறாராக இருந்தோம்.

ஞாயிறு மத்தியானம் நீ பஸ் பிடித்து வருவாய். என் வீட்டில் கறிச்சோறு. பிறகு தட்டு. உறையைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியை ஒரு தரம் பிடித்துவிட்டு வருவாய். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற பழக்கம். “தூசி ஒட்டாது மாப்ள, நீயும் தொடு” என்பாய். கர்த்தரே, இவன் என் வீட்டையும் பட்டாசு ஆபீஸ் ஆக்கிவிட்டான் என்று நான் கிண்டல் செய்வேன்.

உன் கம்பெனியில் நீ போர்மேன். ஒவ்வொரு லோடும் கிளம்புமுன் சாம்பிள் வெடியை வெட்டவெளியில் வெடித்துப் பார்த்து, சத்தம் சரியா என்று சொல்கிறவன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பொட்டலில் நின்றாய். காதில் பஞ்சு வைக்கக் கூடாதா என்று கேட்டேன். “பஞ்சு வச்சா தரம் எப்படித் தெரியும்? சத்தத்த நெஞ்சுல வாங்கணும்லே” என்றாய். பெருமை பேசுகிறாய் என்று நினைத்தேன். எனக்கோ மெஷின் பக்கம் நிற்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு காதுமூடி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டும்போது ஒரு நாளாவது உன்னை நினைத்திருப்பேனா? இல்லை.

இப்போது அடுக்கிப் பார்த்தால் எல்லாமே கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. கடைசி சில வருஷங்களாக, நீ ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாய், அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. தாளம் போடுகிறாய் என்று நினைத்தேன். “கூட்டுலே, இன்னுங் கூட்டு” என்பாய். சீட்டு எழுதும்போது, “மொதல்ல நீ எழுது மாப்ள” என்று என் பக்கம் தள்ளிவிடுவாய். நான் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுவாய். மரியாதை தருகிறாய் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி நர்ஸ். அவள் ஒரு நாள் கேட்டாள்.

“ஏங்க, ஒங்க கூட்டாளிக்குக் காது சரியில்லையோ? பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்காக.”

“அவன் காதா? ஊசி நடக்குற சத்தத்த வச்சே எந்த நாட்டுத் தட்டுன்னு சொல்லுவான். போ, போயி காப்பியப் போடு” என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்து ஊசியைத் தூக்கியதும் நீ கேட்டாய். “ஒங்க அச்சாபீஸ்ல எனக்கு ஏதாச்சும் வேலை இருக்குமாலே? பேப்பர் அடுக்குற வேலைன்னாலும் சரி.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போர்மேன் பேப்பர் அடுக்க வருகிறாராம் என்று அடுப்படி வரை கேட்கும்படி சொன்னேன். நீ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு அந்தத் தட்டு வந்தது. இங்கிலாந்தின் முதல் வார்ப்பு. வருஷக்கணக்காக நாம் தேடியது. நான் காலண்டர் சீசனில் மாட்டிக்கொண்டிருந்ததால் நீ மட்டும் தூத்துக்குடி போய் வாங்கிவந்து, தனியாகக் கேட்டு, முதல் தடவையாக எனக்கு முந்திச் சீட்டு எழுதினாய். “இரண்டு பக்கமும் கேட்டாச்சு. சுத்தம்.” என் ஜப்பான் தட்டின்மேல் உனக்கு எப்போதும் கண். எனக்கோ இது. மாற்றிக்கொண்டோம். அன்று நீ சின்னப்பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

வீட்டில் போட்டேன். முதல் பக்கம் பரவாயில்லை. இரண்டாம் பக்கம் ஊசி இறங்கியதிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். கண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் மட்டமான ஊசியில் யாரோ ஆயிரம் தடவை ஓட்டித் தேய்த்த தட்டு. காது உள்ள எவனுக்கும் பத்து வினாடியில் தெரியும். கேட்காமலே கேட்டதாக எழுதி என் ஜப்பான் தட்டைப் பிடுங்கிக்கொண்டாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டில் அந்தச் சொல்லை எழுதினேன். அப்படியே பஸ் ஏறினேன்.

உங்கள் ஊர் டீக்கடை. கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த சாயங்காலம். அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

“ஏலே, இதக் காது குடுத்துக் கேட்டியாலே நீ?”

நீ என் வாயையே பார்த்தாய். “கேட்டேன் மாப்ள. சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“சுத்தமா? ஒங் காது அவிஞ்சா போச்சு? பொய்யி. இத்தன வருசம் பழகி எங்கிட்டயே பொய்யிலே!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நீயும் சிரித்தாய், கொஞ்சம் பிந்தி. அந்தச் சிரிப்புத்தான் என்னை இன்னும் வெறியேற்றியது. தரையில் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். மறுநாள் என் ஜப்பான் தட்டு, பட்டை கசங்காமல், துண்டில் சுற்றி அச்சக வாசலுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்துத் தட்டை நீ திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வரவில்லை.

அடுத்த வருஷம் காலண்டர் சீசனில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். அச்சகத்தின் கண்ணாடிகள் ஒரு தரம் அதிர்ந்து நின்றன. இந்த ஊரில் யாருக்கும் என்ன என்று கேட்கத் தோன்றாது. எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். மாடிக்குப் போனவன், “தாயில்பட்டிப் பக்கம் பொகை” என்று இறங்கிவந்தான். செல்போனில் உன் எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக மாட்டாய் என்பது ஒரு சாக்கு. அவனே முதலில் கூப்பிடட்டும் என்றிருந்தது எனக்கு. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

உன் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். மாலையைக் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி ஒரு அட்டைப்பெட்டி நிறைய உன் தட்டுகளைக் கட்டி வைத்திருந்தாள். “வாங்கண்ணே, ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

“பக்கத்து ரூம்ல பொகையப் பாத்ததும் எல்லாரும் ஓடுங்க ஓடுங்கன்னு கத்தியிருக்காக. அம்புட்டுப் பேரும் தப்பிச்சுட்டாகண்ணே. அவுக மட்டும் வாசலுக்கு முதுகக் காட்டி மருந்து நிறுத்துக்கிட்டு இருந்தாகளாம். திரும்பியே பாக்கலையாம்.”

“ஏன்?” என்றேன். முட்டாள்போல.

“அவுகளுக்குத்தான் காது கேக்காதே. ஏழு வருசமாச்சு. கம்பெனியில தெரிஞ்சா வெடி பாக்குற வேலையப் புடுங்கிருவாகன்னு மூடி வச்சாக. ஒங்ககிட்டயாச்சும் சொல்லுங்கன்னு எத்தனவாட்டி தலையில அடிச்சுக்கிட்டேன். ‘அவன்ட்ட சொன்னா, பெறகு பாட்டுக் கேக்க என்னயக் கூப்பிட மாட்டாம்ட்டீ’ன்னாக.”

அன்றைக்கு அழவில்லை. கோபம்தான் வந்தது. உன்மேல்தான். சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவி. பேப்பர் அடுக்குகிற வேலை இருந்தது. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். கடைசியில் நீ பொய்தான் சொல்லியிருக்கிறாய், கேட்காததைக் கேட்டேன் என்று. அந்த ஒன்றையாவது பிடித்துக்கொண்டு தொங்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. தட்டின் பள்ளத்துக்குள் ஒரு தூசி இருந்தால் கண்டுபிடிக்கிற என் காதுக்கு, அந்தச் சண்டைவரை ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்கவில்லை என்பது எட்டவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? உன் பெட்டியை அப்படியே பரண்மேல் ஏற்றினேன்.

இன்று அந்த விரலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். இப்போதெல்லாம் அதைப் பிடிக்காமல் நான் எந்தத் தட்டையும் தொடுவதில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். வீட்டுக்காரியிடம் பஞ்சு வாங்கிக் காதில் திணித்தேன். அதற்கு மேல் அச்சகக் காதுமூடியை மாட்டினேன். சத்தத்தை நீ கேட்கிற அளவுக்குக் கூட்டிவிட்டு, உன் இடத்தில் உட்கார்ந்து, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டிரம் வந்தது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, மணிக்கட்டு ஏறி, முழங்கை தாண்டி நெஞ்சுவரை வந்தது. அடியில் பேஸ் கிட்டார் கயிறு இழுப்பதுபோல் ஓடியது. அந்தக் கடுகுப் பொரியலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பக்கம் முடியும்வரை வரவில்லை. கைக்கு அது எட்டுகிற சத்தமே இல்லை. ஊசி நடு வளையத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி வந்து என் தோளைத் தொட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

சிவப்பு மையை அழிக்க முடியாது. அட்டைக்குள் இறங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே என் கையெழுத்தைப் போட்டேன். தட்டை உன் விரல் பட்ட உறைக்குள்ளேயே வைத்து, மேலடுக்கில் ஏற்றியிருக்கிறேன்.

கேட்டேன் மாப்ள. சுத்தமாத்தான் இருந்துச்சு.