அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் செல்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், அந்த நம்பிக்கையும் பாதிதான். கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார். உன் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று நம் வீட்டுக் கேட்டையே இடித்து வளைத்துவிட்டான், இப்போது அதைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் மற்ற விஷயத்துக்கு வந்தால் நீ நடுவில் அழுவாய், நான் உளறுவேன், அதனால்தான் கடிதம்.

திட்டாதே. நீ போனில் அழுதுகொண்டே சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தது உண்மைதான், என் வாயைப் பற்றித் தெரிந்தும் என்னிடம் சொன்னது உன் தப்பு. காய்ச்சல் வைரஸ் உள்ளே நுழைந்ததும் உடம்புச் செல் அடிக்கிற அபாய மணியை அந்த வைரஸே அமுக்கிவிடுகிறது, இதுதானே அம்மா இளவயதில் கண்டுபிடித்தது, அதில்தானே அவளுக்குப் பேரும் பதவியும் வந்தது. நீ அதையே உன் ஆய்வகத்தில் செய்து பார்த்தால் மணி நன்றாகவே அடிக்கிறது. வெளியிட்டால் அம்மா முகத்தில் கரி பூசினதாகிவிடும், வெளியிடாவிட்டால் உன் வேலை நிலைக்காது என்று கட்டுரையைப் பூட்டி வைத்துக்கொண்டு தவிக்கிறாயே, பெற்ற மனசு எப்படிப் பொறுக்கும். சாப்பிடும்போது சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள், எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாளே ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள், ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அவளுக்கென்று ஒரு மேஜை போட்டு வைத்திருக்கிறார்களே. திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்த அந்தக் காலத்துச் செல்களை எடுத்துச் சில நாள் வளர்த்து வைரஸைக் கொடுத்துப் பார்த்தாள், மணி அடிக்கவில்லை. புதுச் செல்களுக்குக் கொடுத்தாள், அடித்தது. அப்புறம் பழைய செல்களில் மைக்கோபிளாஸ்மா இருக்கிறதா என்று சோதித்தால், இருந்திருக்கிறது. பென்சிலினுக்கும் சாகாத, நுண்ணோக்கியிலும் எளிதில் அகப்படாத அந்தக் கிருமி, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு மணியை அமுக்கியிருக்கிறது, பழி வைரஸ் மேல் விழுந்திருக்கிறது. அந்த நாளில் இங்கே அதற்குச் சோதனை வசதியே கிடையாதாம். அது தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து தெம்பாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். “முடிவு தப்பாப் போனதுக்கு நான் அழலைங்க, ஆராய்ச்சின்னா அதெல்லாம் நடக்கும். என் பொண்ணு எனக்குப் பயந்துக்கிட்டு உண்மையை மூடி வெச்சாளே, அதுக்குத்தான் அழுதேன்” என்றாள்.

கட்டுரையை உடனே அனுப்பச் சொல்கிறாள், அவள் பேரை மழுப்பாமல் முதல் பத்தியிலேயே போட வேண்டுமாம். தன் பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவளும் எழுதிவிட்டாள். அந்தச் செல்களில் ஒரு குழாயை உலர்பனியில் வைத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள், அம்மா சொன்னாள் என்று நம்பிவிடாதே, நீயே சோதித்துப் பார்த்துவிட்டு எழுது. உன் மற்ற செல்களுக்குப் பக்கத்தில் மட்டும் அதைத் திறந்துவிடாதே, தொற்றிக்கொள்ளும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

மீதியை அழிக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். நீ சின்னவளாக இருந்தபோது, செல்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும் என்று அவள் உள்ளே போக, ஞாயிறுதோறும் நீயும் நானும் வெளியே காருக்குள் காத்துக் கிடப்போமே, நான் உள்ளே கால் வைத்தது இதுதான் முதல் தடவை. செல்கள் வளர்கிற இளஞ்சிவப்புத் தண்ணீரில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினாள், நிறம் வெளுத்துப்போயிற்று. “இதுங்களுக்காகத்தான் உங்க ரெண்டு பேரையும் வெளியில காக்க வெச்சேன், பாத்துக்குங்க” என்றாள். கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

உடம்பு சுகத்தோடும் மனசில் பயமில்லாமலும் நீ நெடுநாள் வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்த ஞாயிறு அம்மா வீட்டில்தான் இருப்பாள். என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு, காத்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
வாயை மூடத் தெரியாத
உன் அப்பா