மாடு தின்ற முதல் வார்த்தை

மெல்பர்ன்,
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள டார்சி அண்ணாவுக்கு,

கீலி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும். அப்பாவின் கால், தெற்கு வேலி, உன் நாய், மூன்றும் எப்படி என்று எழுது. இதே வரிசையில் வேண்டாம். நாயிலிருந்து ஆரம்பி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டு போன் உனக்குத் தெரியும். என் பேச்சு வானத்துக்கு ஏறி சாட்டிலைட்டைத் தொட்டுவிட்டு உன்னிடம் இறங்குவதற்குள் நீ பேச ஆரம்பித்திருப்பாய். இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்போம். நீ சொல்லு, இல்ல நீ சொல்லு. கடைசியில் மாட்டைப் பற்றி ஏதாவது சொல்லி வைத்துவிடுவோம். நான்கு மாதமாக அப்படித்தான். இந்தக் கடிதம் தபால் விமானத்தில் மெதுவாக வரும். ஆனால் குறுக்கே யாரும் பேச முடியாது.

ஜெயித்துவிட்டேன்.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கிளம்பிய காலை. நம் மாட்டுப் பண்ணை ஓடுபாதையில் விமானம் சூடாகிக்கொண்டிருந்தது. நீ வேலிக்குப் போய்விட்டாய். அப்பாவின் வண்டியில் இருந்த ரேடியோவை எடுத்து, போயிட்டு வரேன் அண்ணா, ஓவர், என்றேன். வெகுநேரம் இரைச்சல் மட்டும். பிறகு நீ. "இத்தன வருஷமா நீ ஜெயிக்கலடி. சாட்டிலைட் ஜெயிச்சுது. அங்க போய்ப் பாரு, புரியும். அவுட்."

ஓவர் என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறோம். அவுட் என்றால் பேச்சு முடிந்தது. அவுட் சொன்னவனை மறுபடி கூப்பிடுவது நம் ஊரில் வழக்கம் இல்லை. ரேடியோவை மாட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

அப்பாவிடம் கொடுத்த வாக்கு அதைவிட எளிது. ஒரே ஒரு போட்டி. தோற்றால் மந்தை மடக்குவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்த வீடியோ சண்டை விளையாட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அப்பா நம்பவில்லை, அதனால் சுலபமாகச் சம்மதித்தார். நீ சொன்னதுதான் விமானம் முழுக்கக் கூடவே வந்தது. ஏனென்றால் அது உன் வார்த்தை மட்டும் இல்லை. நெட்டில் நம்மோடு மோதிய எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். லேக் ராணி, தாமதத்தின் மகாராணி. மாட்டுச் சாணி இணைப்பு. உன்னால நாங்களும் சேத்துல நடக்கிறோம், ஒழுங்கான லைன் வாங்கிட்டு வா.

நம்மால் வாங்க முடியாத ஒன்று அது.

மத்தியான வெயிலில் வேலை நிற்கும் அந்த நேரம் ஞாபகம் இருக்கிறதா? குளிர்விப்பான் ஓடும் ஒரே அறை. ஒரே கன்ட்ரோலர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்: நம்பர் டூ போர். ஜன்னலில் தெரியும் அந்த ஆழ்குழாய்க் கிணற்றின் பெயர். எதிராளிகள் யாருக்கும் நாம் இரண்டு பேர் என்று தெரியாது. நாம் எடுத்து ஆடும் பெண்ணுக்கு விளையாட்டில் ஏதோ பெரிய பெயர், நமக்கு அவள் புரோல்கா. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒற்றைக் காலில் நிற்கும் அந்தப் புரோல்கா, சாம்பல் கொக்கு மாதிரியே நிற்பாள். அப்பா கூப்பிட்டால் நடுச் சண்டையில் கன்ட்ரோலரை என் மடியில் எறிந்துவிட்டு ஓடுவாய். நீ பாதியில் விட்ட அடியை நான் முடிப்பேன்.

பொத்தானை அழுத்தினால் அரை நொடி கழித்துத்தான் அவள் காலைத் தூக்குவாள். அதனால் எதிரில் நடப்பதைப் பார்த்து ஆட முடியாது, நடக்கப்போவதைத்தான் ஆட முடியும். அவன் குதிப்பான் என்று நினைத்து, குதிக்காத இடத்தில் உதைப்போம். உதை போய்ச் சேரும்போது அவன் அங்கே இருப்பான். வேறு விதமாக ஆட முடியும் என்றே எனக்குத் தெரியாது.

இங்கே தெயூய்லா வீட்டில் தங்கியிருக்கிறேன். சமோவாக்காரி, இதே விளையாட்டில் பழக்கம். அவளுடைய சின்னம்மா நடத்தும் பேக்கரியில் காலையில் இரண்டு பேரும் நிற்கிறோம். முதல் வாரமே கேட்டாள்: "ஏண்டி மாட்டுக்காரி, யாராவது ஏதாவது கேட்டா ஏன் சுவர் மாதிரி நிக்குற? கடைக்கு வர்றவங்க உனக்குக் காது கேக்காதுன்னு நினைக்கிறாங்க." அவர்கள் பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்கிறேன் என்றேன். அரை மணி சிரித்தாள். இப்போது அவளுடைய சின்னம்மா என்னிடம்தான் கோபக்காரர்களை அனுப்புகிறார். நான் பதில் சொல்வதற்குள் அவர்களுக்கே கோபம் ஆறிவிடுகிறது.

சனிக்கிழமை போட்டி. ஆற்றங்கரையில் பெரிய மண்டபம். இரண்டு பேர் ஒரே திரை முன் தோளோடு தோள் உட்கார வேண்டும். நடுவில் வானம் இல்லை, சாட்டிலைட் இல்லை. ஒரு முறை தோற்றால் தோற்றவர்கள் வரிசைக்குப் போய் அங்கிருந்து ஏறி வரலாம். இரண்டு முறை தோற்றால் வீடு.

முதல் ஆட்டமே ஜாரட். சிட்னிக்காரன், நம்மை அதிகமாகத் திட்டி எழுதியவன். நேரில் பார்த்தால் மெலிந்த, சளி பிடித்த பையன். என் கழுத்து அட்டையைப் படித்தான். "நம்பர் டூ போரா? ஆம்பளன்னு நினைச்சேன்" என்றான். பாதி ஆம்பளதான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அண்ணா, நான் அடித்த ஒன்றுமே விழவில்லை. அழுத்திய உடனே புரோல்கா உதைக்கிறாள். காற்றை உதைக்கிறாள். அவன் பிறகு சாவகாசமாகக் குதித்து வந்து அடிக்கிறான். அவன் எங்கே வருவான் என்று சரியாகத் தெரிகிறது, ஆனால் நான் அவனுக்கு முன்பே போய் நின்று, முடித்துவிட்டு, வெறுங்கையோடு இருக்கிறேன். ரயிலுக்கு முந்தின நாள் ஸ்டேஷனுக்குப் போனது போல. ஒரே நிமிடத்தில் முடிந்தது.

ஜாரட் எழுந்து மூக்கைத் துடைத்தான். "என்ன கிணத்துக்காரி, சாட்டிலைட்ட வீட்டுலயே விட்டுட்டியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கேட்டது உன் குரல். அங்க போய்ப் பாரு, புரியும்.

புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாசல் பக்கம் வந்து நின்றேன். தெயூய்லா சிப்ஸ் வாங்கி வந்தாள், நான் தொடவில்லை, அவளே தின்றாள்.

அப்போது வாசல் காவலாளி. பெரிய ஆள், கையில் ரேடியோ. அழுத்திய கையோடு கத்தினார்: "பின் கதவ மூடு!" மறுமுனையில் இருந்தவனுக்கு முதல் வார்த்தை போய்ச் சேரவில்லை. கதவ மூடு என்று மட்டும் கேட்டு, வெளியே அத்தனை பேர் நிற்க, முன் கதவை மூடிப் பூட்டிவிட்டான். ஒரே கூச்சல். காவலாளியும் வெளியே மாட்டிக்கொண்டார். கண்ணாடியைத் தட்டி, "டேய், பின்ன்ன்ன் கதவு!" என்கிறார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. தெயூய்லா பயந்துவிட்டாள்.

எனக்கு ஆறு வயசு. வண்டியின் முன் இருக்கையில் என்னை நிற்க வைத்து ரேடியோவைக் கையில் கொடுத்தாய். "அழுத்து. மூச்சு விடு. அப்புறம் பேசு. அவசரப்பட்டீன்னா முதல் வார்த்தைய மாடு தின்னுடும்." பல வருஷம் நிஜமாகவே மாடு தின்கிறது என்று நம்பினேன். தொட்டி ஓரம் அசை போடும் மாடுகளைப் பார்த்தால், யாருடைய வார்த்தையோ என்று தோன்றும்.

கதவு திறந்ததும் உள்ளே போனேன். அடுத்த ஆட்டம். எதிராளி குதிப்பான் என்று எப்போதும்போல முன்பே தெரிந்தது. விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். ஒரு மூச்சு விட்டேன். அவன் குதித்தான். அழுத்தினேன்.

அதை எப்படி எழுதுவது? அவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு ஆடுகிறார்கள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இத்தனை நாள் அந்த அரை நொடியை சாட்டிலைட் வாங்கிக்கொண்டிருந்தது. இங்கே வாங்க ஆள் இல்லை. முழுக்க என்னிடமே இருந்தது. ஒற்றைக் காலில் நிற்க, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, தெயூய்லா பின்னால் சிப்ஸ் மெல்லும் சத்தம் கேட்க, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

ஒவ்வொருவராகப் போனார்கள். யார் யார் என்று எழுதினால் நீ பொறாமைப்படுவாய். கூட்டம் என் பின்னால் சேர ஆரம்பித்தது. யாரோ ஒருவன், அந்தக் கொக்கு அசையவே மாட்டேங்குதுடா, அதான் பயமா இருக்கு, என்றான்.

கடைசி ஆட்டம் மறுபடி ஜாரட். அவன் ஒன்றிலும் தோற்காமல் வந்திருந்தான், அதனால் நான் அவனை இரண்டு முறை வெல்ல வேண்டும். முதல் தடவை வென்றபோது அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். இரண்டாவதில் என்னை மூலையில் தள்ளிவிட்டான். புரோல்காவுக்கு உயிர் ஒரு கோடுதான் மிச்சம். எது பட்டாலும் முடிந்தது. மண்டபம் எழுந்து நின்றது. அவன் வருவான் என்று தெரிந்தது. முதலில் வருவது போல் ஏமாற்றி, பின்வாங்கி, அதற்குப் பிறகுதான் நிஜமாக வருவான் என்பதும் தெரிந்தது. விரல் துடித்தது. ஏமாற்றினான். பொறுத்தேன். பின்வாங்கினான். பொறுத்தேன். குதித்தான்.

மூச்சு விட்டேன்.

ஒரே உதை. திரையில் நம் பெயர் வந்தது. நம்பர் டூ போர். அவ்வளவு பெரிய எழுத்தில் அந்தக் கிணற்றின் பெயரை யாரும் எழுதியதில்லை. முன்பின் தெரியாத கூட்டம் அதைச் சொல்லிக் கத்தியது. தெயூய்லா என்னைத் தூக்கிவிட்டாள், அவளுக்கு அது சுலபம். ஜாரட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, "லேக் உனக்கு இல்ல. எங்களுக்குத்தான்" என்றான். கையில் சளி. குலுக்கினேன்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். மேடையிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். ஜெயி என்று ஆரம்பிப்பதற்குள், "சொல்லாத! வாயத் தொறக்காத! இங்க நீ இன்னும் மூலையில அடி வாங்கிட்டிருக்க!" என்று கத்தினாள். ஒளிபரப்பு உங்களுக்கு அவ்வளவு பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஜெயித்தவள் மேடையில் நின்று, நான் ஜெயிக்கிறேனா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, போச்சு போச்சு, என்றார்.

அதற்கும் பின்னால், கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். மெதுவாக. "பொறு. பொறு. மூச்சு விடு. இப்ப."

பிறகுதான் ஒளிபரப்பில் கூட்டத்தின் கூச்சல் வந்தது.

அண்ணன் இருக்கானா என்று அம்மாவிடம் கேட்டேன். "டார்சியா? அவன் இங்க எங்க இருக்கான், தெற்கு வேலிக்குப் போயிருக்கான்" என்றாள். அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது. சரி என்றேன்.

போன வருஷம் இதே போட்டிக்கு நீ பெயர் கொடுத்திருந்தாய். அப்பா பைக்கோடு ஓடைக்குள் விழுந்து கால் ஒடிந்தது அந்த வாரம்தான். நீ பெயரை விலக்கிக்கொண்டாய். கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாய். மத்தியானம் எப்போதும் போடுவது போலத்தான். நானும் எப்போதும்போல் எடுத்து ஆடினேன். அது முடிந்துவிட்டது, அண்ணா. நீ பாதியில் விட்ட அடி விழுந்துவிட்டது.

மந்தை மடக்க வருகிறேன். அப்பாவிடம் சொல், தோற்றதால் இல்லை. உனக்கு அந்த மூன்று வாரம் ஆள் வேண்டும், எனக்குக் குதிரை ஓட்டுவது மறந்துபோகக் கூடாது. செப்டம்பரில் இங்கே ஜோடி ஆட்டம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். அதற்குள் அப்பாவின் கால் வண்டி ஓட்டும் அளவுக்கு ஆகிவிடும் என்று அம்மா சொல்கிறாள். இதில் பொய் இல்லை என்று நினைக்கிறேன். பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் யார் யார் என்று கேட்டார்கள். நம்பர் டூ போர் என்றேன். அது ஒருத்தர் பேர்தானே என்றார்கள். இல்லை என்றேன்.

கோப்பை தெயூய்லா வீட்டில் இருக்கிறது, அதில் வெங்காயம் வைத்திருக்கிறார்கள். என் கழுத்து அட்டையை இதோடு அனுப்புகிறேன். வண்டியில் ரேடியோ பக்கத்தில் மாட்டு.

பதிலுக்கு அவசரம் இல்லை. அழுத்து, மூச்சு விடு, அப்புறம் சொல். முதல் வார்த்தை எனக்கு வேண்டும்.

உன் தங்கை,
கீலி

ஓவர்.