சாமின் செடிகளும் எட்டு மணி சீரியலும்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து தூறல், காற்று. துணி காயாது. தோய்க்கவில்லை.

ஹைவேயில் பைக்கை லாரி அடித்துச் சாம் போன பிறகு அவர் செடிகளை நான்தான் பார்க்கிறேன். பால்கனி முழுக்கப் பூச்சி தின்னும் செடிகள். குடுவை போலத் தொங்குவது, ஈ உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்வது, இலையெல்லாம் பசைத்துளியோடு சின்னதாய் ஒன்று. அதன் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நினைவில் இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும், மழைத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பார்.

மகனின் செடிகளுக்காக மாமா பக்கெட், குண்டான் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வைத்துவிட்டார். சோறு வைக்கக் குக்கரைத் தேடினால் அதுவும் அங்கே. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

ரசம், அப்பளம். சாப்பிட்ட தட்டை மாமாவே கழுவி வைத்தார். அத்தை உயிரோடு இருந்தவரை அவர் தட்டைத் தூக்கி நான் பார்த்ததில்லை. இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன் போன். "ஞாயித்துக்கெழமை கார் எடுத்துட்டு வர்றேன். துணிமணி எடுத்து வெச்சிரு ஜெசி." சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எது கேட்டாலும் சரிதான்.

ஜூலை 11, வெள்ளி

கொஞ்சம் வெயில். தலைக்குக் குளித்தேன்.

கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் மேடம். "லீவு முடியுதும்மா. திங்கக்கிழமை வர்றியா, ரிசைன் பண்றியா? ஏதாவது ஒன்னு சொல்லு." ஞாயிறு சொல்வதாகச் சொன்னேன்.

மாமாவும் நானும் டிவி. எட்டு மணி சீரியல்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"பெரிய மருமக போல, மாமா."

"நேத்து அழுதவளா?"

"அது வேற."

இருவருக்கும் கதை தெரியாது. ஆனாலும் பார்க்கிறோம். வாசல் கதவு அகலத் திறந்திருக்கிறது. கொசு. சாத்தப் போனால், "இருக்கட்டும் விடும்மா, காத்து வரட்டும்." காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு காற்று வாங்குகிறார்.

ஜூலை 12, சனி

ஒன்றும் நடக்காத பகல். பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தேன். பசை இலையில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு வெகுநேரம் காலை அசைத்தது. எடுத்துவிட நினைத்தேன். கை எழவில்லை. டீ ஆறிப்போனது. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் பால் வாங்கப் போனேன். கடைக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"சின்னப் பொண்ணு, பாவம். ஆனா மாமனாரும் மருமவளும் மட்டும் ஒரே வூட்ல இருந்தா நல்லாவா இருக்குது?"

"அந்தாளுக்கும் தெரியுது. அதான் பொழுது சாஞ்சா கதவத் தெறந்தே போட்டு வெச்சிருக்காரு, பாக்கலியா?"

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. படியேறும்போது கீழ்வீட்டுக் கன்னடக்காரம்மா, "ஊட்டா ஆய்தா?" என்றார். "ஆய்து" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மேலே கதவு திறந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி வாசலோரம் நாற்காலியைப் போட்டு, ஸ்வெட்டரோடு மாமா. இத்தனை நாள் இதற்காகவா. சீரியல் போட்டேன். இரண்டு முறை தும்மினார்.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். சர்ச்சுக்குப் போகவில்லை. கறி எடுத்தேன், அண்ணன் வருகிறானே.

மாமாவின் கட்டில் மேல் ஒரு பை. வேட்டி, மாத்திரை, பைபிள்.

"எங்க மாமா?"

"பேரிகைக்கு. தங்கச்சி வூட்டுக்கு. உனக்கு வேலை இங்க இருக்குது, வூடும் உன்னுது. நீ எதுக்குப் போவணும்? நான் போறேன்."

"அவங்களுக்கே எடம் பத்தாது."

"வராண்டா இருக்குதில்ல."

அதற்குள் கீழே கார் சத்தம்.

மூவரும் சாப்பிட்டோம். கை கழுவியதும் அண்ணன், "கெளம்பு ஜெசி" என்றான்.

"வரலைண்ணா."

என் வாயிலிருந்துதான் வந்தது.

"இங்க உனக்கு யாரு இருக்காங்க?"

"மாமா இருக்காரு."

"ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். பால் கடையிலயே கேட்டுட்டேன்."

அண்ணன் மாமாவைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க மாமா."

"அவதான் சொல்லிட்டாளே தம்பி."

டீ குடிக்காமல் எழுந்துவிட்டான். வழியனுப்பக் கீழே போனேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

மேலே வந்து பையிலிருந்த வேட்டிகளை எடுத்துப் பீரோவில் வைத்தேன். மாமா பார்த்துக்கொண்டே நின்றார்.

"சின்ன வயசும்மா உனக்கு. நாளைக்கே வேற ஒரு கல்யாணம் காட்சின்னு..."

"அப்ப பாத்துக்கலாம் மாமா."

மேடத்துக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

"பஸ் எத்தினி மணிக்கும்மா?"

"அஞ்சரைக்கு."

"நான் எழுப்பறேன். டீ போட்டு வெக்கறேன்."

"உங்களுக்கு டீ போடத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

யூனிஃபார்மை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு தேட வேண்டும்.